கறுப்பு பியரில் ஒரு கருகல் மணம்

அந்த மணம் முதன்முதலாக வந்தது ஒரு வியாழக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, சுவிஸ் நாட்டின் வின்டர்தூர் நகரில் நான் வேலை செய்யும் சின்னப் பியர் ஆலையின் நிலவறையில். கையில் கறுப்பு பியர் இருந்தது. மூன்றாவது மிடறை விழுங்கியிருந்தேன். இரப்பர் எரிவதுபோல, அதோடு இனிப்பான ஏதோ ஒன்று சட்டியில் அடிப்பிடித்ததுபோல ஒரு மணம் மூக்கின் உள்பக்கத்திலிருந்து எழும்பியது. அதே நொடியில் என் இடது தோளுக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றார்.

திரும்பிப் பார்த்தேன். பியர் நிரம்பிய எஃகுத் தாங்கிகள் வரிசையாக நின்றன. வேறு யாரும் இல்லை.

நான் அந்த ஆலைக்குப் போத்தல் கழுவப் போனவள். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் பல வருடம் நின்று, முழங்கால் கெட்டபிறகு கிடைத்த வேலை அது. கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறார். பிள்ளைகள் வளர்ந்து தங்கள் பாட்டில் போய்விட்டார்கள். எங்கே வேலை என்று சொந்தக்காரர் கேட்டால் "குளிர்பானக் கொம்பனி" என்று சொல்லிவைத்தோம். அது முழுப் பொய்யும் இல்லை. பியரும் குளிராகத்தான் இருக்கிறது.

ஆலையின் சொந்தக்காரி என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். நாங்கள் "ஷெஃபின்" என்று கூப்பிடுவோம். முதலாளி அம்மா என்று பொருள். செக் நாட்டில் மூன்று வருடம் இருந்து, லாகர் என்னும் அந்த ஊர்க் கறுப்பு பியரைக் காய்ச்சப் பழகி வந்தவர். ஒருநாள் கழுவ வந்த கிளாஸ்களில் ஒன்றை எடுத்த நான், "இதில் வெண்ணெய் மணக்கிறது" என்று என் தட்டுத்தடுமாறும் ஜெர்மனில் சும்மா சொல்லிவிட்டேன். அவர் ஓடிவந்து அதை வாங்கி முகர்ந்தார். பிறகு போத்தல் நிரப்பும் பகுதியில் இருந்த பெரியவரைக் கூப்பிட்டார். அந்தப் பியர் இன்னும் முற்றவில்லை என்பதற்கு அந்த மணந்தான் அடையாளமாம். அதை அவர்கள் இருவரும் தவறவிட்டிருந்தார்கள்.

"உங்கள் மூக்கு எனக்கு வேண்டும்," என்றார் ஷெஃபின்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வியாழனும் மூன்று மணிக்கு நாங்கள் மூன்று பேரும் நிலவறையில் ஒரு மேசையைச் சுற்றி இருப்போம். அதுவரை நான் மது தொட்டதில்லை. முதலில் முகர்ந்துமட்டும் பார்த்தேன். விழுங்காவிட்டால் கசப்பு எங்கே முடிகிறது என்பது தெரியாது என்று ஷெஃபின் சொன்னபிறகு விழுங்கவும் பழகினேன்.

கறுப்பு பியரைக் குழாயிலிருந்து எடுப்பதே ஒரு காட்சிதான். ஷெஃபின் முதலில் நுரையைத்தான் விடுவார். குழாயின் வாய் அந்த நுரைக்குள் அமிழ்ந்திருக்க, அடியில் பியர் கறுப்பாக ஏறிவரும். மேலே பாலாடை நிறத்தில் விரல் தடிப்புக்கு நுரை நிற்கும். சும்மா பார்த்தால் கறுப்பு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஓரத்தில் மாதுளைச் சிவப்பு. மிகவும் குளிராக இருந்தால் ஒன்றும் தெரியாது. இரண்டு கையாலும் கிளாசைப் பொத்திக்கொண்டு கொஞ்சநேரம் காத்திருக்க வேண்டும். அதன்பின் முதலில் வருவது போறணை அடுப்பில் சிவந்த பாண் ரொட்டியின் மேற்தோல் மணம். அதற்குப் பின்னால் பனங்கட்டியை உருக்கும்போது வரும் இனிப்பு, உலர்ந்த பிளம்ஸ், இலேசாகக் கோப்பி. வாயில் வைத்தால், இனிப்பு வரப்போகிறது என்று நாக்கு காத்திருக்கும். பாதி வழியில் அது நின்றுவிடும். பியரில் போடும் ஹொப்ஸ் பூவின் கசப்பு வந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போகும். வேறு சில கறுப்பு பியர்களைப்போல அது வாயில் கரி பூசாது. சொல்ல வெட்கந்தான், எனக்கு அது பிடித்துப்போனது.

நிலவறை மட்டும் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. பழைய தொழிற்சாலைக் கட்டடமொன்றின் அடித்தளம் அது. அருவிக்கு அடியில் நின்றாற்போலக் குளிரும். ஒவ்வொரு தாங்கியிலிருந்தும் ஒரு குழாய் கீழே தண்ணீர் வாளிக்குள் போகும். பியர் உள்ளே இருந்து வாயு விடும்போது அந்த வாளி "குளுக்" என்னும். தனியே நின்று கேட்டால், யாரோ பக்கத்தில் நின்று எச்சில் விழுங்குவதுபோல இருக்கும். தெருவின் மட்டத்தில் ஒரேயொரு சன்னல். ஒக்டோபர் முடிவில் ஊரின்மேல் வந்து குந்தும் மூடுபனி மாசி மாதம்வரை எழும்பாது. அந்த மாதங்களில் சன்னலில் வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. சில வேளை ஒரு சோடிச் சப்பாத்து அந்த வெள்ளைக்குள்ளிருந்து வரும். நாலு அடி நடக்கும். பிறகு காணாமல்போகும்.

முதல் நாள் நடந்ததை விளக்கமாகச் சொல்ல வேண்டும். பின்னால் வந்து நின்றவர் ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. என்னைவிட உயரம் என்று தெரிந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவர்போல மூச்சை உள்ளே இழுத்துவைத்திருந்தார். அவரை எனக்குத் தெரியும் என்பதும் நிச்சயமாகத் தெரிந்தது. அதோடு, இந்த நேரம் ஏற்கெனவே ஒருமுறை நடந்து முடிந்தது என்றும் தெரிந்தது. எதிரே இருக்கும் ஷெஃபின் இப்போது பென்சிலைக் கீழே வைப்பார், சட்டைக்கையை இழுத்து மணிக்கட்டை மூடுவார் என்று நினைத்தேன். அவர் பென்சிலை வைத்தார். சட்டைக்கையை இழுத்து மணிக்கட்டை மூடினார்.

"என்ன?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியும் என் காதில் முன்னமே விழுந்திருந்தது.

"கருகியிருக்கிறது," என்றேன். என் குரல் வேறு அறையிலிருந்து வந்ததுபோல இருந்தது.

பெரியவர் முகர்ந்து பார்த்துத் தலையை ஆட்டினார். "எனக்கு ஒன்றும் தெரியவில்லையே." ஷெஃபின் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் முகர்ந்தார். "இருக்கலாம்," என்றார்.

இந்தப் பியரைக் காய்ச்சும்போது, மால்ட் என்னும் முளைகட்டிய பார்லியின் கஞ்சிபோன்ற கலவையில் ஒரு பகுதியை எடுத்து வேறு கொப்பரையில் கொதிக்கவைத்துத் திரும்பவும் பழையதோடு சேர்ப்பார்கள். துழாவிக்கொண்டே இருக்காவிட்டால் அடிப்பிடிக்கும். ஷெஃபின் அந்தத் தாங்கிப் பியரைக் காய்ச்சிய நாளின் குறிப்பைப் புரட்டினார். துழாவும் இயந்திரம் சில நிமிடம் நின்றுபோனதாக அவர் கைப்படவே எழுதியிருந்தார். அதன்பின் யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. அடுத்த இரண்டு வியாழனும் நான் அதையே சொன்னேன். இரண்டு முறையும் என் தோளுக்குப் பின்னால் அவர் நின்றார்.

தாங்கி முழுவதையும் கொட்டுவதென்று ஷெஃபின் முடிவெடுத்தார். அடி வால்வைத் திறந்ததும் கறுப்பு பியர் நிலவறைத் தரையில் பரந்து வடிகாலை நோக்கி ஓடியது. வாளியும் தரை தேய்க்கும் தும்புக்கட்டையுமாக நான் நின்றேன். பியர் எல்லாம் போய் முடிந்தபிறகும் வடிகால் கம்பிகளின்மேல் நுரை ஒரு குவியலாக நின்றது. நான் தண்ணீர் அடித்தேன். அது அமுங்கிவிட்டுத் திரும்பவும் மெல்ல எழும்பியது. கீழே வாயு வருவதனால் அப்படி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அதற்கு முதுகைக் காட்டி நிற்க முடியவில்லை. பின்பக்கமாகவே நடந்து படியேறினேன்.

அடுத்து காய்ச்சிய பியர் முற்றித் தைமாதம் மேசைக்கு வந்தது. இந்த முறை ஷெஃபின் கொப்பரைக்குப் பக்கத்தைவிட்டு அசையவே இல்லையாம். கிளாசைக் கையால் பொத்திக்கொண்டு காத்திருந்தேன். பாண் தோல் வந்தது. பனங்கட்டி வந்தது. சரி, தப்பினோம் என்று நினைக்கும்போதே என் தோளுக்குப் பின்னால் அவர் வந்து நின்றார்; இரப்பர் எரிந்தது.

"நல்லாயிருக்கு" என்று ருசிக் குறிப்புத் தாளில் எழுதினேன். அந்த ஆலையில் நான் எழுதிய முதல் பொய் அது.

அந்தக் கிழமை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அடுப்படியில் நின்றேன். கணவர் என் கையிலிருந்து அகப்பையை வாங்குவது தெரிந்தது. அவர் முகம் வெளிறியிருந்தது.

"இஞ்சேரும், என்ன செய்தனீர் இப்ப?"

"ஏன், கறி பிரட்டுறன்."

"இல்லை. நான் அரை நிமிசமா உம்மைக் கூப்பிட்டுக்கொண்டு நிக்கிறன். நீர் சுவரைப் பாத்துக்கொண்டு வாயை மெண்டுகொண்டு நிண்டனீர்."

"என்ர வாயிலை ஒண்டும் இல்லையே."

"அதுதான் கேக்கிறன். என்னத்தை மெண்டனீர்?"

எனக்கு எதுவும் நினைவில்லை. அந்த அரை நிமிடத்தில் நான் எங்கேயும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் மூக்கின் உள்ளே கருகல் மணம் இன்னும் மிஞ்சியிருந்தது. கறியைப் பார்த்தேன். கறி கருகவில்லை. அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன்: மணம், தோளுக்குப் பின்னால் நிற்பவர், எல்லாம். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போய், எனக்குப் பின்னால் இருந்த அடுப்படிக் கதவைச் சாத்தினார். அவர் பயந்த மனிதர் இல்லை. ஆனாலும் சாத்தினார்.

அவர் தன் அக்காவுக்குச் சொல்லியிருக்க வேண்டும். பீல் நகரில் இருக்கும் அந்த மச்சாள் அடுத்த நாள் தொலைபேசி எடுத்தா.

"குளிர்பானக் கொம்பனி எண்டுதானே எனக்குச் சொன்னனியள்?"

"அது மச்சாள்..."

"சரி, அதை விடு. நீ சொல்லுறது ஆரோ எங்கடை ஆக்கள்தான். சாந்தி செய்யாமல் விட்ட ஆரோ ஒராள். எரிஞ்ச மணம் வருதெண்டால் எப்பிடிப் போன ஆள் எண்டு நான் சொல்லவேணுமே? கோயில் ஐயரோடை கதைச்சுப்போட்டன். வெள்ளிக்கிழமை வா."

"ஓம் மச்சாள், பாப்பம்."

"பாப்பம் இல்லை. வா. அந்தக் கறுத்தத் தண்ணியையும் இனித் தொடாதை."

போனேன். அர்ச்சனை செய்து கையில் நூல் கட்டினார்கள். குடும்ப வைத்தியரிடமும் போனேன். நல்ல மனிதர். எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் திரும்பக் கேட்டார். போர் நடந்தபோது அங்கே இருந்தீர்களா? எரிவதைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்கிறேன். வீதிகளில் டயர் எரிந்ததைப் பார்க்காத ஒருவர் எங்கள் வயதில் இருப்பாரா? அவர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். பழைய பயங்கள் இப்படிப் பிந்தி வருவதுண்டு என்றார். நித்திரைக்கு மாத்திரை தந்தார்; கதைத்து ஆற்றும் வைத்தியர் ஒருவரின் முகவரியும் தந்தார்.

மச்சாளும் வைத்தியரும் ஒரே விஷயத்தைத்தான் இரண்டு விதமாகச் சொன்னார்கள்: அங்கிருந்து ஏதோ ஒன்று என் பின்னால் வந்திருக்கிறது. எனக்கும் அது வசதியாக இருந்தது. எங்களுக்கு எது நடந்தாலும் காரணம் அங்கேதான் இருக்கும் என்று நாங்களே நம்பப் பழகிவிட்டோம். பேருந்தில் இருக்கும்போது செத்துப்போனவர்களை ஒவ்வொருவராக நினைத்து, அவர்களுடைய உயரத்தை அளந்து பார்ப்பேன். ஒருவரும் பொருந்தவில்லை. பொருந்தாததுதான் கூடப் பயமாக இருந்தது.

ஷெஃபினிடம் பொய் எழுதிய தாள் மட்டும் மனதில் குத்திக்கொண்டே இருந்தது. அர்ச்சனைக்கு அடுத்த வியாழன் மூன்று மணிக்கு முன்பே போய், அவர் தனியாக இருக்கும்போது சொன்னேன்.

"இரண்டு கிழமைக்கு முன் நான் எழுதியது பிழை. புதியதிலும் கருகல் இருக்கிறது."

அவர் கோபிக்கவில்லை. "இந்த முறை அடிப்பிடிக்க வழியே இல்லையே," என்றார். "இங்கேயே இருங்கள்," என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். திரும்பி வரும்போது தட்டில் மூடிபோட்ட மூன்று கறுப்புப் பீங்கான் கோப்பைகள் இருந்தன. நிறத்தைப் பார்த்து ஏமாறாமல் இருக்க நாங்கள் பாவிக்கும் கோப்பைகள் அவை.

"குடிக்க வேண்டாம். மூடியைத் திறந்து முகர்ந்துமட்டும் சொல்லுங்கள். எதில் இருக்கிறது?"

முதல் கோப்பையைத் திறந்தேன். ஒன்றும் இல்லை. நிலவறையின் ஈர மணந்தான். இரண்டாவதைத் திறந்தேன். குனிந்தேன். வாளி "குளுக்" என்றது. அப்போது தோளுக்குப் பின்னால் அவர் வந்தார். எப்போதையும்விடக் கிட்ட வந்து நின்றார். உள்ளே இழுத்த மூச்சை இந்த முறை விடப்போகிறார் என்று தெரிந்தது. அந்தச் சொல்லை நான் முன்பே கேட்டிருக்கிறேன் என்றும் தெரிந்தது. மணம் தொண்டைவரை இறங்கியது.

பிறகு நான் பார்த்தபோது ஷெஃபின் மேசையைச் சுற்றி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் இருந்தார்.

"இதுதான்," என்றேன். "இரண்டாவது."

"என் குரல் கேட்டதா?"

"எப்போது?"

"நான் நாலுதரம் உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் எதையோ மென்றுகொண்டிருந்தீர்கள்."

இரண்டாவது கோப்பையை எடுத்து என் முன்னால் சாய்த்துக் காட்டினார். தெளிந்த தண்ணீர். மற்ற இரண்டையும் சாய்த்தார். மூன்றிலும் தண்ணீர்.

நான் அழத் தொடங்கினேன். "அப்படியென்றால் நான் பொய்க்காரி. ஒரு தாங்கிப் பியரை வீணாகக் கொட்டவைத்துவிட்டேன்."

"இல்லை," என்றார் அவர். "உங்கள் மூக்கு இதுவரை பிழைவிட்டதில்லை. அதை நம்பித்தான் கொட்டினேன். இப்போதும் நம்புகிறேன். மணம் இருக்கிறது. ஆனால் கோப்பைக்குள் இல்லை. கோப்பையில் இல்லாவிட்டால் குழாயைப் பார்ப்போம், குழாயில் இல்லாவிட்டால் தாங்கியைப் பார்ப்போம், இல்லையா? இப்போது உங்களைப் பார்க்க வேண்டும். குளிர்ச்சட்டையைப் போடுங்கள்."

தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வழிமுழுக்க மூடுபனி. முன்னால் போகும் வாகனங்களின் சிவப்பு விளக்குகள் மட்டும் தெரிந்தன. நான் பின் இருக்கையைத் திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன். அவசரப் பிரிவில் அவர்தான் கதைத்தார். போர், நித்திரை, பயம் ஒன்றும் சொல்லவில்லை. எத்தனை வினாடி, எந்த நேரம், வாய் எப்படி அசைந்தது என்று, பியர் மாதிரியைப் பற்றிக் குறிப்பெழுதுவதுபோலச் சொன்னார்.

அடுத்த நாள் படம் எடுத்தார்கள். மூளையின் வலது பக்கத்தில், காதுக்கு மேலே உள்ளே, கடலை அளவில் ஒரு கட்டி. நரம்பு வைத்தியர் இளம் பெண். திரையில் அந்த வெள்ளைப் புள்ளியை விரலால் தொட்டுக் காட்டினார்.

"மணமும் நினைவும் பக்கத்துப் பக்கத்து வீடுகள். இது இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிறது. அது துடிக்கும்போது உங்களுக்கு வலிப்பு வருகிறது. விழுந்து துடிக்கிற வலிப்பு இல்லை. மணமாக வருகிறது."

"பின்னால் நிற்பவர்?" என்று கேட்டேன்.

"அதுவும்."

"ஷெஃபின் என்ன செய்யப்போகிறார் என்று முதலே தெரிந்ததே?"

"தெரிந்ததுபோல இருந்திருக்கும். நடந்து முடிந்த பிறகு மூளை அப்படிச் சொல்லும்."

நான் அதை முழுதாக நம்பினேனா என்று தெரியாது. பக்கத்தில் இருந்த கணவர் என் கையில் கட்டியிருந்த நூலையே உருட்டிக்கொண்டிருந்தார்.

பங்குனியில் கட்டியை எடுத்தார்கள். புற்றுநோய் இல்லை. மச்சாள் பீலிலிருந்து வந்து ஒரு மாதம் சமைத்துப் போட்டா. ஐயர் கட்டிய நூல்தான் காப்பாற்றியது என்று மச்சாளின் முடிவு. நான் மறுத்துக் கதைக்கவில்லை. நூல் கட்ட வரச்சொன்ன மச்சாளின் கைதான் இரவு பகலாக எனக்குக் கஞ்சி பருக்கியது.

கோடையில் வேலைக்குத் திரும்பினேன். ஆலையில் ஒவ்வொரு காய்ச்சலிலும் சில போத்தல்களை எடுத்து ஒதுக்கி வைப்பது வழக்கம். கொட்டிய காய்ச்சலிலும் இரண்டு இருந்தன. ஷெஃபின் ஒன்றைத் திறந்து மூன்று கிளாசில் ஊற்றினார். மாத்திரைகளோடு மது கூடாது என்பதால் நான் முகர்ந்தேன், அவர்கள் குடித்தார்கள். பாண் தோல், பனங்கட்டி, உலர்ந்த பிளம்ஸ். கருகல் மருந்துக்கும் இல்லை. பெரியவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

"நான் காய்ச்சியதில் இதுதான் மிக நல்லது," என்றார் ஷெஃபின்.

"மன்னியுங்கள்," என்றேன்.

"இதைக் கொட்டியிருக்காவிட்டால், நீங்கள் இரண்டாம் முறையும் சொன்னபோது சந்தேகம் வந்து அந்த மூன்று கோப்பையையும் நான் வைத்திருக்கமாட்டேன்," என்று சொல்லிக் கிளாசை வெறுமையாக்கினார்.

தோளுக்குப் பின்னால் நின்றவர் கட்டியை எடுத்தபின் வரவில்லை. பியரின் மணங்கள் கொஞ்சம் மங்கலாகிவிட்டன, வலது மூக்கு முன்போல இல்லை. ஆனாலும் மேசையில் எனக்கு இடம் இருக்கிறது. தோளுக்குப் பின்னால் காற்று மட்டுந்தான் என்று எனக்குத் தெரியும். சில வியாழன்களில், அவர் விடாமல் வைத்திருந்த மூச்சு என்ன சொல்லாக இருந்திருக்கும் என்று யோசிப்பேன். அதைக் கேட்க எனக்கு ஆசையா பயமா என்று இன்னும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

முன்பெல்லாம் நான் முகர்ந்தவுடன் எழுதிவிடுவேன். யாரையும் கேட்கமாட்டேன். இப்போது பாண் தோல் மணம் வந்தாலும் முதலில் பெரியவரின் பக்கம் திரும்பி, "உங்களுக்கும் வருகிறதா?" என்று கேட்கிறேன். அவர் கிளாசை மெதுவாகத் தூக்குவார், கண்ணை மூடுவார், அவசரப்படவே மாட்டார். அவர் ஆம் என்று சொல்லும்வரை பென்சிலைத் தாளில் வைக்காமல் காத்திருக்கிறேன்.